உமி நீங்கா நெல்

ஆய்வேடு எழுதி முடித்தவர்கள் ஒன்றுகூடிப் பேசுமிடத்தில் ஒரு முறையீடு தவறாமல் எழும். தலைப்பைத் தேர்ந்ததோ, தரவுகளைத் திரட்டியதோ, கருதுகோளை நிறுவியதோ பெருந்துன்பமாகத் தோன்றவில்லை. எழுதி முடித்த ஏட்டைப் பல்கலைக்கழகம் வகுத்த விதிகளுக்கேற்ப வடிவமைத்து, குறித்த நாளில் ஒப்படைத்ததே துன்பம் என்பர். இடப்பக்க ஓரம் இத்தனை அளவு, வரிகளுக்கிடையே இத்தனை இடைவெளி, முற்பக்கங்களுக்கு உரோமன் எண், உடற்பகுதிக்கு அரபு எண், மேற்கோள் இப்படி, துணைநூற்பட்டியல் அப்படி என்று விதிகள் நீளும். அறிவைத் தேடி வந்தவரை அங்குலம் அளக்க வைக்கிறார்களே என்று மனம் சலிப்பதும் உண்டு.

இச்சலிப்பில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் அது முழு உண்மையன்று. அரிசிதான் உணவு, உமி உணவன்று. ஆனால் உமி நீங்கிய அரிசியை விதைத்தால் அது முளைப்பதில்லை. இதனை உழவர் அறிவர். ஔவையாரும் மூதுரையில் எடுத்துக்காட்டினார். உண்டு தீர்ப்பதற்கு அரிசி போதும். விளைந்து பெருகுவதற்கு நெல் வேண்டும். ஆய்வேடும் அத்தகையதே. எழுதியவர் மட்டும் படித்து மகிழ்வதற்கு வடிவம் வேண்டுவதில்லை. பின்னால் வருபவர் அதனைக் கண்டெடுத்து, சரிபார்த்து, வேண்டுமாயின் மறுத்து, மேலும் ஓர் அடி எடுத்துச் செல்வதற்கு வடிவம் இன்றியமையாதது.

பாயிரமும் அரங்கேற்றமும்

வடிவ விதிகள் மேலைநாட்டார் கொண்டுவந்து சுமத்திய புதுமை என்று எண்ணுவோர் நன்னூலைப் புரட்டிப் பார்த்தல் நலம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர், ஒரு நூலின் முகப்பில் இன்னின்ன செய்திகள் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். நூலின் பெயர், இயற்றியவர் பெயர், அது எந்த முன்னூலின் வழிவந்தது, எந்நிலத்தில் வழங்குவது, எவ்வகையில் யாக்கப்பெற்றது, எதனைப் பற்றியது, யார் கேட்பதற்குரியது, கேட்டவர் பெறும் பயன் யாது என்னும் எட்டையும் சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டும் என்பது மரபு. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர்.

இன்றைய ஆய்வேட்டின் முதல் இயலை இதனருகே வைத்து நோக்குக. தலைப்புப் பக்கத்தில் நூற்பெயரும் ஆக்கியோன் பெயரும் நிற்கின்றன. முன்னாய்வுகளை மதிப்பிடும் பகுதி, ‘வழி’ என்பதன் விரிவன்றி வேறில்லை. ஆய்வுப் பொருள், ஆய்வு முறை, ஆய்வின் பயன் என்று உட்தலைப்புகள் தொடர்கின்றன. நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகியவையும் அடங்கும். இவற்றைத்தான் இன்றைய மேற்பார்வையாளர் சிவப்பு மையால் ஓரத்தில் குறித்தனுப்புகிறார்.

வாய்மொழித் தேர்வும் புதிதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. அரசன் அவை பல்கலைக்கழகமாயிற்று, ஆசான் தேர்வாளராயினார். நூலைத் தனியே எழுதி வைத்துக்கொண்டால் போதாது, அறிந்தோர் அவையில் அதற்காக நின்று விடையிறுக்க வேண்டும் என்னும் கருத்து மட்டும் மாறவில்லை.

வடிவம் இல்லாதபோது நேரும் இடர் என்ன என்பதற்கும் தமிழ் வரலாறே சான்று. பழைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு எழுத்தில் தெரிவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். செய்யுளும் உரையும் அடி பிரியாமல் தொடர்ந்து ஓடும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், எது மூலம் எது உரை என்று பிரித்தறிவதற்கே அரும்பாடு பட்டார். பின்பு அவர் தம் பதிப்புகளில் முகவுரை, பாட வேறுபாடு, அடிக்குறிப்பு, அரும்பத அகராதி என ஒழுங்குபடுத்தித் தந்தமையால்தான் அடுத்து வந்தோர் சில நிமிடங்களில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுகொள்ள முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது.

பட்டம் கண்ட முன்னோர்

தமிழாய்வுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்காக முதன்முதலில் முனைவர் பட்டம் பெற்றவர் மு. வரதராசன், ஆண்டு 1948. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அவ்வாய்வு ஆங்கிலத்தில் அமைந்தது. தமிழைப் பற்றித் தமிழர் எழுதிய ஏட்டை ஆங்கிலத்திலே ஒப்படைக்க வேண்டியிருந்த காலம் அது. மு.வ. தொடக்கத்தில் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகவும், பின்பு திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராகவும் பணியாற்றியவர். தனியே படித்தே வித்துவான் தேர்வில் தேறியவர். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஆசிரியர் எவருக்கும் அவ்வாழ்க்கை ஊக்கம் தருவதாகும்.

ஈழத்துக் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் மேற்பார்வையில் முனைவர் பட்ட ஆய்வு செய்தனர். கைலாசபதியின் ஏடு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக நூலுருப் பெற்றது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஏடு 1981இல் நூலாயிற்று. ஒப்படைத்த ஏடு நூலாவதற்கு ஒருவருக்கு ஓரிரு ஆண்டுகளும் மற்றொருவருக்குப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரையில் அதற்குப் புகலிடம் பல்கலைக்கழக நூலக அடுக்கேயாகும்.

மலாயாவிலும் அடித்தளம் வலுவாகவே இடப்பெற்றது. 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. அத்துறையில் சமஸ்கிருதம் அன்று, தமிழே முதன்மை பெற வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்கு, நாட்கூலி பெற்ற பாட்டாளிகளும் தம் வெள்ளிகளைக் கொடுத்தனர். 1961 முதல் அத்துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயக அடிகள், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியதை அனைவரும் அறிவர். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டதைப் பலர் அறியார். 1969இல் இராம சுப்பையா, மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டி மற்றொரு பட்டியல் தந்தார். மாநாடு எட்டு நாளில் முடிந்தது. பட்டியல்களோ இன்றளவும் பயன்படுகின்றன. ஆரவாரமற்ற வடிவப் பணியின் பெருமை இதுவே.

தட்டச்சிலிருந்து கணினிக்கு

தமிழில் ஏட்டை ஒப்படைக்கும் உரிமை கிடைத்தபின், அதனை எழுத்தில் வார்க்கும் கருவி அடுத்த கவலையாயிற்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழுக்கு உரிய தட்டச்சுப் பொறியை வகுத்து ஜெர்மனியில் உருவாக்கச் செய்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கியது எளிய செயலன்று.

தட்டச்சுக் காலத்தில் ஏடு ஒப்படைப்பது தவம் போன்றது. கரித்தாள்களை இடையில் வைத்து ஒரே அடியில் நான்கைந்து படிகள் எடுப்பர். கடைசிப் படி மங்கலாகவே விழும். ஒரு பக்கத்தில் ஒரு வரி விடுபட்டால் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டும். அடிக்குறிப்புக்கு எத்தனை வரி வேண்டும் என்பதை முன்பே எண்ணி, மேலே உள்ள பகுதியை அதற்கேற்ப நிறுத்த வேண்டும். இடப்பக்க ஓரம் அகலமாக இருக்க வேண்டும் என்னும் விதிக்கும் அன்று விளக்கம் தேவைப்படவில்லை. கட்டுநர் தைத்து ஒட்டும்போது அவ்வோரம் உள்ளே மறைந்துவிடும். ஓரம் குறுகியிருப்பின் ஒவ்வொரு வரியின் முதற்சொல்லும் கட்டுக்குள் புதைந்து போகும்.

கணினி வந்தபின் சுமை குறைந்தது. ஆனால் வேறு வகையில் பெருகவும் செய்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிவைத்தார். ஆயினும் அக்காலத்து எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டில் இயங்கின. ஓர் இல்லத்துக் கணினியில் தமிழாகத் தெரிந்தது மற்றோர் இடத்துக் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடு முறை பரவியபின்னரே அத்துன்பம் நீங்கியது.

இன்றும் தமிழ் ஏட்டுக்கெனச் சில இடர்கள் உள்ளன. விதிநூல், ‘டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12’ என்று ஆணையிடும். அவ்வெழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. வேர்ட் செயலியோ ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழுக்கு வேறோர் எழுத்துருவுமாக இரண்டையும் அவற்றின் அளவுகளையும் தனித்தனியே நினைவிற் கொள்ளும். ஒன்றை மட்டும் அமைத்து மற்றொன்றை விட்டுவிட்டால் பக்கந்தோறும் எழுத்து ஏறி இறங்கும். நூறு பக்கம் எழுதிய பிறகு திருத்துவதைவிட, முதற்பக்கம் எழுதும் முன்பே தலைப்பு, உட்தலைப்பு, பத்தி ஆகியவற்றுக்கு உரிய பாணிகளை அமைத்துவிடுதல் அறிவுடைமை.

துணைநூற்பட்டியலை அகர வரிசைப்படுத்துவதில் மற்றொரு கண்ணி உண்டு. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் நிற்கின்றன. அக்குறியெண் வரிசையை அப்படியே ஏற்றால் நெடுங்கணக்கு குலைந்துவிடும். ஆதலின் இறுதியில் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தல் கடமை.

பெயர்களிலோ இடர் இன்னும் நுட்பமானது. குடும்பப் பெயரை முன்னே இட்டு எழுதுவது மேலைநாட்டு மரபு. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. மலேசிய ஆவணங்களில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘அனாக் லெலாகி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கத்தையடுத்துத் தந்தை பெயர் வரும். மேற்கோள் தொகுக்கும் மென்பொருள் இறுதிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்வதால், மகள் எழுதிய கட்டுரைக்குத் தந்தை ஆசிரியராகிவிடுகிறார். பொறி செய்யும் இத்தகைய பிழைக்கு ஏட்டை எழுதியவரே பொறுப்பாவார்.

பழம்பாடல்களை மேற்கோள் காட்டுவோர் பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணையும் நூற்பா எண்ணையும் தருதல் சிறப்பு. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். புறநானூற்றின் பாடல் எண் மாறாது.

பெயர் எழுதும் இடம்

வடிவத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதற்குச் சிம்பாங் ரெங்கம் ஆசிரியர் ஒருவரின் அனுபவம் எடுத்துக்காட்டாகும். சிம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலைகள் பிரியும் சந்தி என்பது பொருள். ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கை அடுத்த அச்சிறு நகரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள். பின்னர் செம்பனையும் அன்னாசியும். தோட்டங்கள் கைமாறி, லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, அவர்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு சிதறின.

அவ்வாசிரியர் தமிழ்ப்பள்ளியில் பகல் முழுவதும் பணியாற்றியவாறே பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்துகொண்டு, ஆறாண்டுகள் வார இறுதிகளில் முதிய பெண்களைத் தேடிச் சென்று பாடல்களைப் பதிவு செய்தார். மொத்தம் பதினொருவர் பாடினர். பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களுள் மூத்தவர் ஒருவர், பாடி முடித்ததும், “எழுதிக்கிட்டுப் போறீங்களே வாத்தியாரே, என் பேரு அதுல வருமா?” என்று கேட்டார். “கட்டாயம் வரும் பாட்டி” என்று ஆசிரியர் வாக்களித்தார்.

ஏட்டை வடிவமைக்கும் வேளையில் அவ்வாக்கு இடறியது. தகவல் தந்தோரின் அடையாளத்தை மறைத்து, எண்ணால் மட்டும் குறிக்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. எளியோரின் நலங் காக்க வகுத்த நல்ல விதிதான் அது. ஆனால் பாடியவர் வெறும் தகவலாளர் அல்லர். அப்பாட்டை உருவாக்கிய கலைஞர். சங்கப் புலவர் பலரின் பெயர் தெரியாமல், பாடலில் வந்த தொடரையே பெயராக்கித் தொகுத்தவர்கள் வழங்கினரே, அதே குறை தோட்டத்துப் பாட்டிகளுக்கும் நேர வேண்டுமா என்று அவர் மனம் நொந்தார்.

விதியை வெறுத்து ஒதுக்காமல் அவர் அதனை மீண்டும் ஊன்றிப் படித்தார். தம் பெயர் வெளிப்படுவதற்கு இசைவதாக உரியவரே எழுத்து வழி ஒப்பினால் பெயரை இடலாம் என்னும் விலக்கு அதிலேயே இருந்தது. முதலில் பெற்ற இசைவுப் படிவத்தில் அந்த ஒரு வரி இல்லை. ஒப்படைக்க எஞ்சியிருந்ததோ நான்கு வாரம்.

படிவத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் புறப்பட்டார். எண்மர் ஒப்பினர், சிலர் கையொப்பமிட்டனர், சிலர் பெருவிரல் ரேகை வைத்தனர். ஒருவர் மறுத்தார். அவர் பாடியது இளமையில் இறந்த தம் குழந்தைக்குரிய ஒப்பாரி. ஊரார் அறிவதை அவர் விரும்பவில்லை. அவர் பெயர் எண்ணாகவே நின்றது, அதுவும் அறமே. இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர். பெயர் வருமா என்று கேட்டவர் அவ்விருவருள் ஒருவர். அவருடைய மகள் படிவத்தை இருமுறை படிக்கக் கேட்டுப் பின் ஒப்பமிட்டார்.

பெயர்களைச் சேர்த்ததும் பின்னிணைப்பு நீண்டது. பக்க எண்கள் நகர்ந்தன. பொருளடக்கத்தையும் அட்டவணைப் பட்டியலையும் மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று. பின்னிணைப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் எதிரே பாடியவர் பெயர், பாடிய நாள், அப்போதைய இருப்பிடம், அவர் வளர்ந்த தோட்டம் ஆகிய நான்கும் இடம்பெற்றன. குளுவாங்கில் படியெடுத்துக் கட்டிய ஏடுகளைச் சுமந்துகொண்டு அவர் பேருந்து ஏறினார். உரிய நாளில் ஒப்படைத்தார்.

வாய்மொழித் தேர்வில் ஒரே தாலாட்டு இரு வேறு வடிவில் பதிவாகியிருப்பது ஏன் என்று தேர்வாளர் வினவினார். பாடிய இருவரும் வளர்ந்த தோட்டங்கள் வேறு; அவர்தம் பெற்றோர் தமிழகத்தில் புறப்பட்ட ஊர்களும் வேறு. பின்னிணைப்பைப் புரட்டி, நாளும் இடமும் சுட்டி, ஆசிரியரால் உடனே விடையிறுக்க முடிந்தது. பெயரை மறைத்து, இடத்தை விடுத்து, பாடல்களை மட்டும் அடுக்கியிருந்தால் அவ்வினாவுக்கு அவரிடம் ஊகம் ஒன்றே விடையாக இருந்திருக்கும். அன்பினால் அளித்த வாக்கு, ஆய்வுக்கும் அரணாயிற்று. அப்பாட்டியின் பெயரை இங்கே எழுதுதல் முறையன்று. எழுத வேண்டிய இடத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது.

ஒப்படைப்போர்க்கு

ஆய்வேடு முடிக்கும் நிலையில் உள்ள ஆசிரியர் பலர், இறுதி மாதத்தை எழுதுவதிலேயே கழித்து, வடிவமைப்பை இறுதி வாரத்துக்கு ஒதுக்குகின்றனர். அது ஓலையிலேயே நூலை விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். விதிநூலை முதல் நாளிலேயே பெற்றுப் படித்தல் வேண்டும். படித்த நூலின் விவரத்தைப் படித்த அன்றே குறித்தல் வேண்டும். இசைவுப் படிவத்தை முதற்பதிவுக்கு முன்பே தீர எண்ணி அமைத்தல் வேண்டும். ஏட்டின் படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காத்தல் வேண்டும். மலாய், ஆங்கிலச் சுருக்கங்களைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடி இருத்தலாகாது. தமிழறியாதவர் அவ்வேட்டில் படிக்கப்போவது அச்சுருக்கத்தை மட்டுமே.

திருத்தங்கள் முடிந்து, கெட்டி அட்டையிட்டு, பொன்னெழுத்துப் பொறித்த ஏடு ஒரு நாள் நூலகத்தை அடையும். பல காலம் அதனை எவரும் எடுக்காமலும் இருக்கலாம். பின்பு எவரோ ஒரு மாணவர், ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைத் தேடி வந்து அதனைத் திறப்பார். பொருளடக்கம் காட்டும் பக்கத்தில் அந்தப் பொருள் இருக்குமாயின், அடிக்குறிப்பு சுட்டும் நூலில் அந்தக் கருத்து இருக்குமாயின், அவர் அங்கிருந்து தம் ஆய்வைத் தொடங்குவார். விதைத்தவர் அதனைக் காணமாட்டார்; ஆனால் நெல் முளைத்திருக்கும்.